திங்கட்கிழமைகளில் கொஞ்சம் அதிகம்

11 செப்டம்பர் 2006, திங்கள்

இன்று முதல் எனக்கு ஸ்பானிஷ் தெரியும். அப்படித்தான் ஆபீஸ் முதலாளி பாட்சா பாய் முடிவு செய்திருக்கிறார்.

ஸ்பெயினில் எல்தா என்று ஓர் ஊராம். அங்கே இருக்கும் செருப்புக் கம்பெனிக்கு எங்கள் குரோம்பேட்டை ஆபீசிலிருந்து ஆட்டுத்தோல் போகிறது. நடுவில் பேசிக்கொண்டிருந்த ஏஜென்ட் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். அந்தப் பக்கம் போனை எடுக்கும் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மெயில் போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகிறது. ஆகவே இனி தினமும் சாயங்காலம் போன். பேசப்போவது ஷாயிஸ்தா. அதாவது, இத்தனை வருஷமாக எக்ஸ்போர்ட் பேப்பர்களை டைப் அடித்துக்கொண்டிருக்கும் நான்.

ஏன் நான் என்று பாயிடம் கேட்டேன். "நீ அரபி ஓதுறல்ல? அந்த வாய்க்கு இது வராதா இன்னா?" என்றார். ஒரு புத்தகமும் இரண்டு கேசட்டும் கொடுத்தார். அதோடு டிரெயினிங் முடிந்தது.

பயப்பட வேண்டும். ஆனால் டிரெயினில் வரும்போது உள்ளுக்குள் குறுகுறு என்றே இருந்தது. முப்பத்தொரு வயதாகிறது, என்னைப் புதிதாக எதையாவது படி என்று யாரும் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

14 செப்டம்பர், வியாழன்

மேசைக்கு மேஸா. சப்பாத்துக்கு ஸப்பாத்தோ. சட்டைக்கு கமிஸா, அது நம் கமீஸேதான். ஜைத்தூனுக்கு, அதாவது ஆலிவுக்கு, அஸெய்த்தூனா! இதென்ன அந்நிய பாஷை, பாதிச் சாமான் நம் வீட்டிலேயே கிடக்கிறதே.

அவன் போகிறான் என்பதற்கு 'வா'. இது மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. ஒன்றுமில்லை என்பதற்கு 'நாதா'. ஆமாம் என்பதற்கு 'சீ'.

கேசட்டில் ஓர் ஆள் ஏதேதோ கேட்கிறான், ஒரு பெண் எல்லாவற்றுக்கும் சீ, சீ என்கிறாள். நானும் கூடவே சொன்னேன். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "யாரடி சீ சீங்குற?"

அந்த ஊரில் ஆமாம் என்று அர்த்தம் என்றேன்.

"ஆமான்னு சொல்றதுக்கு எதுக்கு மூஞ்சச் சுளிக்கணும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அத்தா மௌத்தான பிறகு அந்த மிஷின் நின்று நான் அதிகம் பார்த்ததில்லை.

18 செப்டம்பர், திங்கள்

முதல் போன். லைனில் ஒரே கரகர. நான் பேசுவது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அடுத்ததைப் பேசிவிடுகிறார்கள்.

அந்த அம்மாவின் பெயர் ஆம்பரோ. எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். தாம்பரம் என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆம்பரோ! தாம்பாரோ!" ஷாயிஸ்தா அவர் வாயில் நுழையவில்லை. இனி நான் தாம்பாரோதான்.

பாட்சா பாய் உங்களோடு பேச விரும்புகிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. விரும்புகிறார் என்பதற்கு கியெரே. தோலுக்கு குவெரோ. நான் சொன்னது, பாட்சா பாய் தோல் பேச. அவருக்குப் புரிந்துவிட்டது, பாவம், தோல் வியாபாரிதானே.

21 செப்டம்பர், வியாழன்

சாம்பிள் விஷயமெல்லாம் முடிந்து போனை வைக்கப் போகும்போது ஆம்பரோ அம்மா குரலைத் தாழ்த்தி, "கசாதா?" என்றார்.

புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருக்கிறது. பெயர் என்ன, ஊர் எது, கசாதாவா? கசாதா என்றால் கல்யாணமானவள்.

யா அல்லாஹ், அங்கேயுமா!

டிரெயினில் கேட்கிறார்கள். பள்ளிவாசல் தெருவில் கேட்கிறார்கள். அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் அபிதகுஜாம்பாள் மாமி, முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவர், வரும்போதெல்லாம் "பிரியாணி எப்போ?" என்கிறார். கடல் தாண்டி ஒரு மனுஷி, என் அத்தா யார் தெரு எது என்று தெரியாதவர், இவராவது கேட்காமல் இருப்பார் என்று நினைத்தேன்.

வெடுக்கென்று "நோ" என்றேன். வைத்துவிட்டேன்.

22 செப்டம்பர்

இன்றும் கேட்டார். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எனக்கு நிக்காஹ் ஆகிவிட்டிருக்கும் என்று நினைத்தாரா?

29 செப்டம்பர், வெள்ளி

நோன்பு மாதம் என்று ஆம்பரோ அம்மாவிடம் சொன்னேன். ரம்ஜான், பகலில் சாப்பாடு நோ, தண்ணீர் நோ. அடுத்த நிமிஷமே அவர் கேட்டது: "நோ தியெனெஸ் ஓம்ப்ரே?"

ஓம்ப்ரே என்றால் ஆண்பிள்ளை. உனக்கு ஆம்பளை இல்லையா என்கிறார்!

நோன்பு வைத்த வாய், வேறு எதுவும் சொல்லக்கூடாது. தெரிந்ததையெல்லாம் கூட்டி, "நோ ஓம்ப்ரே. நோ கியெரோ ஓம்ப்ரே" என்றேன். ஆம்பளை இல்லை, எனக்கு வேண்டவும் வேண்டாம். பாட்சா பாய் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னவோ தோல் விலை பேசுகிறேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் கோபமே இல்லை. "கே ஃபுவெர்த்தே, தாம்பாரோ" என்றார். டிக்‌ஷனரியில் பார்த்தேன். ஃபுவெர்த்தே என்றால் பலசாலி, உறுதியானவள்.

அப்படியானால் அந்த ஊரில் கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணைப் பலசாலி என்கிறார்களா? இங்கே அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும், அதில் இது இல்லை. கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

9 அக்டோபர், திங்கள்

கேட்கிறவரையே திருப்பிக் கேட்டால் என்ன? இன்று அவர் கேட்டதும், "தொதவியா நோ" என்றேன். இன்னும் இல்லை என்று அர்த்தம், புதிதாகப் படித்தது. பிறகு, நீங்கள் கசாதாவா என்றேன்.

"சீ, முய்!" என்றார். ஆமாம், ரொம்ப.

ரொம்பக் கல்யாணமானவரா? கல்யாணத்தில் ஏது ரொம்ப, கொஞ்சம்? அதோடு விட்டாரா, "லோஸ் லூனெஸ், மாஸ்" என்று பெருமூச்சு வேறு. உடனே புத்தகத்தில் பார்த்தேன். லூனெஸ் என்றால் திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் அதிகம்.

டிரெயினில் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை அதையே யோசித்தேன். ஒருவேளை கணவர் லாரி ஓட்டுகிறவரோ. வாரம் முழுக்க வெளியூர், திங்கட்கிழமை மட்டும் வீடு. அன்றைக்குத்தான் தான் கல்யாணமானவள் என்பது அந்த அம்மாவுக்கு உறைக்கும் போல.

13 அக்டோபர், வெள்ளி

ஆம்பரோ அம்மா இன்று கொஞ்சம் குறைவாகக் கல்யாணமாகியிருக்கிறார். அவரே சொன்னார். லாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

26 அக்டோபர், வியாழன்

நேற்று பெருநாள். வந்தவர்கள் எல்லாருக்கும் சேமியாவோடு ஒரு பதிலும் வைக்க வேண்டியிருந்தது. எனக்குப் பரவாயில்லை, நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அம்மா முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே, பார்த்துட்டிருக்கோம், பார்த்துட்டிருக்கோம்.

ஓர் இடம் வந்திருக்கிறது. வாஜித் என்று பெயர், மேடவாக்கத்தில் டைல்ஸ் கடை. மனைவி தவறிப் போய்விட்டாராம், பிள்ளை கிடையாது. அம்மா போட்டோவை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

8 நவம்பர், புதன்

'வா' மறுபடி என் காலை வாரிவிட்டது. எல்தா முதலாளி இத்தாலிக்கு 'வா' என்றார் ஆம்பரோ அம்மா. இத்தாலி கரகரவில் போய், 'வா' மட்டும் காதில் விழ, நான் பாயிடம் முதலாளி வருகிறார் என்று சொல்லிவிட்டேன். பாய் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பி, பிரியாணிக்கும் சொல்லிவிட்டார். மனுஷர் இத்தாலியில் இருக்கிறார். பிரியாணியை ஆபீஸ் முழுக்கச் சாப்பிட்டோம். "நீ தப்பா கேட்டா கூட நமக்கு சோறு கெடைக்குது" என்றார் பாய். திட்டு அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ஆறு மணி எப்போது ஆகும் என்று இருக்கிறது. கசாதா கேள்விகூடப் பழகிவிட்டது. இங்கே கேட்பவர்கள் பதிலுக்குப் பிறகு உச்சுக் கொட்டுவார்கள். இவர் "முஹேர் ஃபுவெர்த்தே", பலசாலிப் பெண் என்று சிரித்துவிட்டு, போய் வா என்கிறார். வேறு எங்கே கிடைக்கும் இந்த மரியாதை?

4 டிசம்பர், திங்கள்

வாஜித் வந்து போனார், அக்காவோடு. கெட்டவர் இல்லை. எங்கள் முன்னறைத் தரையைப் பார்த்துவிட்டு, டைல்ஸ் தூக்கிக்கொண்டிருக்கிறது, ஆள் அனுப்புகிறேன் என்றார். என்னை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

பேசியதெல்லாம் அக்காதான். எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை, நிக்காஹுக்கு முன்னாடியே நின்றுவிட வேண்டும். அம்மா தலையாட்டினாள். நான் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று எதற்குச் சொன்னேனோ. வாஜித் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "வீட்ல அத யார்கிட்ட பேசுவீங்க?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் குத்துகிறது.

21 டிசம்பர், வியாழன்

ஜனவரிக் கடைசியில் நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி. இந்த முறை எல்தா முதலாளியோடு ஆம்பரோ அம்மாவும் வரலாம். வரலாம், "ஓஹலா" என்றார். அல்லாஹ் நாடினால் என்பதிலிருந்து வந்த வார்த்தையாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நல்ல பொம்பளதான்" என்றாள்.

2 ஜனவரி 2007, செவ்வாய்

நேற்று பக்ரீத். மேடவாக்கத்திலிருந்து பதில் கேட்டுப் போன்.

அம்மா சண்டை போடவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எத்தனை நாளைக்குத்தான்டி எல்லாருக்கும் பதில் சொல்றது?" என்றாள்.

சரி என்று சொல்லிவிடப் போகிறேன். பிடித்திருக்கிறதா? தெரியவில்லை. பிடிக்காமலும் இல்லை. டிரெயின், ஆபீஸ், கடைத்தெரு, ஒரு இடத்திலும் இனி யாரும் கேட்கமாட்டார்கள். அது போதும் என்று தோன்றுகிறது. கண்காட்சி வரைக்கும் மட்டும் அவகாசம் கேட்டேன், பாயை நடுவில் விட்டுவிட்டு நிற்க முடியாது என்று. அது பாதி உண்மை. ஆம்பரோ அம்மாவைப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்பானிஷ் புத்தகத்தை என்ன செய்வது?

1 பிப்ரவரி, வியாழன்

பார்த்துவிட்டேன். ஐம்பத்தைந்து அறுபது இருக்கும். வெட்டின நரைமுடி, தோளில் பெரிய பை. கூட்டத்துக்கு நடுவில் "தாம்பாரோ!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார். நேரில் பேசினால் எனக்கு இவ்வளவு புரிகிறதா என்று ஆச்சரியம். பாதி வில்லன் அந்த போன் லைன்தான்.

3 பிப்ரவரி, சனி

எழுதியே ஆக வேண்டும்.

கண்காட்சி முடிந்தது. பாய் காரைக் கொடுத்து, அந்த அம்மாவுக்குக் கடலைக் காட்டிவிட்டு வா என்றார். கோவளம் போனோம். மீன் ஏலம் முடிகிற நேரம். இறாலைக் காட்டி அவர் பெயர் சொன்னார், நான் பெயர் சொன்னேன். பிறகு மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆய், கே கன்சாதா எஸ்தோய்."

கன்சாதா. நடுவில் ஒரு ன்.

என்ன, என்ன, மறுபடி சொல்லுங்கள் என்றேன். மறுபடி சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து நடித்துக் காட்டினார். தோளைத் தொங்கப் போட்டு, கன்னத்தைக் கையில் சாய்த்து, கண்ணை மூடி. களைப்பு. கன்சாதா என்றால் களைத்துப் போனவள்.

அப்போது கசாதா? அவர் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினார். விரலில் ஒன்றும் இல்லை. "யோ? நோ!" என்று சிரித்தார். லாரியும் இல்லை, டிரைவரும் இல்லை. திங்கட்கிழமைகளில் அவருக்குக் களைப்பு அதிகம், அவ்வளவுதான்.

போனில் தினமும் கேட்டது இதையா என்று கேட்டேன். இதைத்தான் என்றார். அங்கே அவர்கள் சாப்பிடப் போகும் நேரம், இங்கே நான் நாள் முழுக்க வேலை பார்த்து முடித்த நேரம். களைப்பாக இருக்கிறதா என்று கேட்பார். நான் ஒரு நாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. நோ, இன்னும் இல்லை, நோ. எவ்வளவு பலசாலி இந்தப் பெண் என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்வாராம்.

நோன்பில் கேட்ட ஓம்ப்ரே? அதையும் கேட்டுவிட்டேன். ஓம்ப்ரே இல்லை, ஆம்ப்ரே. பசி. பசிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு என்னால் நிறுத்த முடியாமல் அது அழுகையாகிவிட்டது. மீன் கூடைக்காரம்மா ஒருத்தி நின்று, "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

களைப்பா இருக்கா, பசிக்குதான்னு ஒருத்தி கேட்டிருக்கா. என் காதுக்குக் கல்யாணம் ஆச்சா, ஆம்பள இல்லையான்னு விழுந்திருக்கு. லைன் மேல மட்டும் பழி போட முடியுமா? இந்த ஊர் என் காதை அப்படிப் பழக்கி வச்சிருக்கு.

ஆம்பரோ அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "இ ஓய்? கன்சாதா?" இன்றைக்கு?

"சீ" என்றேன். "முய்."

அதைச் சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்!

4 பிப்ரவரி, ஞாயிறு

கன்சாதா ஆனதால் கசாதா ஆகப் பார்த்தேன்.

5 பிப்ரவரி, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாஜித் நல்லவர், ஆனால் நான் சரி சொல்ல நினைத்தது அவருக்காக இல்லை. அலுத்துப் போய். அலுப்பில் போய் ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்தால் அது அவருக்கும் நியாயம் இல்லை. வேலையையும் விடமாட்டேன்.

"ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றாள். பிறகு பேசவில்லை. நான் அழக்கூடாது என்று இருந்தேன், அழுதேன். அவள் அழவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

12 பிப்ரவரி

சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது. பேச்சு இல்லை.

20 பிப்ரவரி, செவ்வாய்

இன்னமும் இல்லை. ஆபீசில் ஸ்பானிஷ், வீட்டில் மௌனம். இரண்டாவதுதான் கஷ்டமான பாஷை. நான் செய்தது சரியா? சரிதான் என்று காலையில் தெரிகிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தெரிவதில்லை.

26 பிப்ரவரி, திங்கள்

ஆறு மணிக்கு ஆம்பரோ அம்மா கேட்டார். இப்போது கரகரவிலும் அந்த ன் காதில் விழுகிறது. "சீ" என்றேன். "எஸ் லூனெஸ்." திங்கட்கிழமை இல்லையா.

வீட்டுக்கு வந்தபோது அபிதகுஜாம்பாள் மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேடவாக்கம் பையன் வீடு என்ன ஆயிற்று, பிரியாணி எப்போ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

"வேண்டாம்னு நானே போன் பண்ணி சொல்லிட்டேன் மாமி" என்றாள் அம்மா. "அவ வேலைக்குப் போறா. உங்க ஜாக்கெட் புதன்கிழமை வாங்கிக்குங்க."

மாமி போனபிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். எப்போது போன் செய்தாள், அந்த அக்காவிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுபுஹுத் தொழுகைக்கு விடியுமுன் எழுந்தவள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் என்னை யாரும் கேட்கவில்லை என்று கோவளத்தில் அப்படி அழுதேனே, நான் இவளை ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

"களைப்பா இருக்காம்மா?" என்றேன்.

மிஷின் நின்றது. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கத் துணியைத் தூக்கி உதறினாள்.

"சீ," என்றாள். "போடி அந்தப் பக்கம்."

அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. எனக்குத் தெரியும். அவளை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினேன்.